கொழுந்தும் நுணுக்குக்காட்டியும்: மலையகப் பெண்ணும் உயிரியற் கல்வியும் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

மலையகத்தின் வரலாற்றை மனிதரின் குடிபெயர்வு வரலாறாக எழுதுவதே எம்மிடையே நிலவும் வழக்கம். இது பிழையன்று. ஆயினும், அவ்வரலாற்றின் அடியிலே தாவரங்களினதும் தாவர நோய்களினதும் வரலாறொன்று கிடக்கின்றது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். 1869ஆம் ஆண்டிலே இலங்கைக் கோப்பிச் செடியின் இலைகளில் துருநிறப் புள்ளிகளாகத் தோன்றிய பங்கசு நோய், அடுத்துவந்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிர்ச்செய்கையைச் சாய்த்துவிட்டது. அந்நோயை ஆராய்வதற்கென 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளந் தாவரவியலாளர் இரண்டாண்டுகள் பேராதனையில் இருந்து அப்பங்கசின் வாழ்க்கை வட்டத்தைத் தெளிவுபடுத்தினார். அவ்வறிவு தோட்டங்களைக் காப்பாற்றப் போதியதாயிருக்கவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இம்மாற்றத்தின் சமுதாய விளைவு பெரிது. கோப்பி, பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே பெருந்தொகையான கைகளை வேண்டிய பயிர். பெரும்பாலும் ஆண்களே வந்தனர், பறித்தனர், திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் சுற்றுமுறையாகக் கொழுந்து பறிக்கப்படவேண்டியது. ஆகவே குடும்பங்கள் வேண்டப்பட்டன, லயங்கள் எழுந்தன, பெண் தோட்டத்தின் நிரந்தரத் தொழிலாளியானாள். பங்கசு ஒன்றின் வரலாறு மலையகப் பெண்ணின் வரலாற்றுக்கு முகவுரையாக அமைந்தது எனில் அது வெறும் அணியுரையன்று.

அதே மலைநாடு உயிரியல் விஞ்ஞானத்தின் இருப்பிடமாகவும் விளங்கிவந்துள்ளது. சிங்கோனாப் பயிர்ப் பரிசோதனைக்காக 1861இல் ஹக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. நுவரெலியாவை அடுத்த சீதா எலியாவிலே விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் உண்டு. இவை யாவும் லயங்களிலிருந்து நடந்துசெல்லக்கூடிய தூரத்தில், அல்லது ஒரு பஸ் பயணத் தூரத்தில் உள்ளவை. எனினும் லயத்திலிருந்து அவ்வாய்வுகூடங்களுக்கு விஞ்ஞானியாகச் சென்ற பெண்கள் மிகமிகச் சிலரே. நிலையத்தின் தேயிலை மலையிலே கூடையுடன் நிற்பவள் பெண். அவளுடைய மகள் ஏன் அந்நிலையத்தின் நுணுக்குக்காட்டி முன் அமரவில்லை? இவ்வினாவுக்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகளை விமரிசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமான விடைகள் இரண்டு. ஒன்று உள்ளூரில் உற்பத்தியானது. தோட்டப் பெண்ணுக்கு உயர்கல்வியில் நாட்டமில்லை, பெற்றோருக்குக் கல்வியின் அருமை தெரியாது, இளவயதுத் திருமணமே அவர்களது பண்பாடு என்பது அது. விளைவைக் காரணமாக நிறுத்தும் இக்கூற்றைப் படித்தவர்களும் தயக்கமின்றிச் சொல்லக் கேட்கிறோம். மற்றையது இறக்குமதியானது. மேலைநாட்டு ஆய்வாளர், விஞ்ஞானத்துறையிற் பெண்கள் படிப்படியாகக் குறைவதை 'ஒழுகும் குழாய்' என்னும் உருவகத்தால் விளக்குவர். பட்ட வகுப்பில் பெண்கள் நிறைந்திருக்கின்றனர். கலாநிதிப் பட்டத்தில் சற்றே குறைகின்றனர். பேராசிரியர் பதவியில் அருகிவிடுகின்றனர். குழாயின் பொருத்துகள்தோறும் நீர் ஒழுகிப் போகின்றது என்பது கருத்து.

இவ்வுருவகம் எமது நாட்டின் பொது நிலைக்கு ஓரளவு பொருந்தவே செய்கின்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவியரே பாதிக்கு மேற்பட்டவர். மருத்துவ பீடங்களிலும் விஞ்ஞான பீடங்களின் உயிரியற் பிரிவுகளிலும் அவர்கள் தொகையிற் குறைந்தவரல்லர். குறைவு பதவி உயர உயரவே புலப்படுகின்றது. ஆனால் இதனை அப்படியே மலையகத்துக்குக் கொண்டுவருபவர் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒழுகுவதற்குக் குழாய் வேண்டும். ஹட்டனிலும் பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் அது நெடுங்காலம் போடப்படவேயில்லை.

பெண் விஞ்ஞானிகள் பற்றி எமது சஞ்சிகைகளில் வெளியாகும் வாழ்க்கை வரலாறுகளையும் இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்தல் வேண்டும். 1933இல் பம்பாயில் முதல் வகுப்பில் தேறிய கமலா சோஹோனியைப் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் சேர்க்க சேர். சி. வி. இராமன் மறுத்தார், பெண் என்பதே காரணம். கமலா விடவில்லை. ஓராண்டுத் தகுதிகாணும் நிபந்தனையின் பேரில் அனுமதி பெற்று, 1939இல் கேம்பிரிட்ஜில் உயிர் இரசாயனவியலில் கலாநிதியானார். தலைசேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள் சென்னையிற் பயின்று, மிச்சிகனில் 1931இல் முனைவர் பட்டம் பெற்று, 1934 முதல் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கலப்பினங்களை ஆக்கினார். பெண்ணாகவும், மணமாகாதவராகவும், பிற்பட்டதெனக் கருதப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராகவும் அங்கு அவர் தனித்தே நின்றார். 1939இல் மாநாடொன்றுக்காகப் பிரித்தானியா சென்றவர் அங்கேயே தங்கி, டார்லிங்டனுடன் இணைந்து 1945இல் பயிர்த் தாவரங்களின் நிறமூர்த்த விவர நூலை வெளியிட்டார்.

இருவரும் போற்றற்குரியவர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் கமலாவின் தந்தையும் சிறிய தந்தையும் அதே பெங்களூர் நிறுவனத்தில் இரசாயனம் பயின்றவர்கள். ஜானகியின் தந்தை சென்னை மாகாணத்தில் நீதிபதி. வீட்டிலே நூலகம் இருந்தது. அவர்களுக்கு முன்னே சாத்தப்பட்டது ஒரு கதவு. அக்கதவுவரை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்த பாதை ஏற்கெனவே வீட்டிலிருந்து தொடங்கியிருந்தது. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் கதவைப் பற்றி விரிவாகவும் பாதையைப் பற்றி ஒரு வரியிலும் எழுதுகின்றனர். அதனை வாசிக்கும் தோட்டத்து மாணவி தன்னிடம் மனவுறுதி போதவில்லை என்ற முடிவுக்கே வரக்கூடும். விடாமுயற்சி பற்றிய கதைகள் இவ்வாறு விடாமுயற்சியையே குறைத்துவிடும் விந்தையும் உண்டு.

பாதை எங்கே அறுந்தது? 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை உள்ளடக்கவில்லை. அவை துரைமாரின் பொறுப்பிலே, பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகளாக, ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமல் நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அப்பெற்றோரை நாடற்றவராக்கியது. அரசாங்க ஆராய்ச்சி நிலையங்களின் உத்தியோகங்கள் பிரசாவுரிமை உடையவர்க்கே உரியனவாயிருந்தமையால், படித்திருந்தாலும் பயன் இதுவே என்னும் கணக்கை எழுத்தறியாத பெற்றோரும் போட அறிந்திருந்தனர். கல்வியின் அருமை தெரியாமையன்று அது, சந்தையைத் தெரிந்திருந்தமை. பிரசாவுரிமைச் சிக்கல் சட்ட அளவில் முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து கட்டங்கட்டமாக அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. முன்னேற்றம் மெய்யானது. ஆயின் அது பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளின் முன்னேற்றம்.

உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்க அனுமதி பெற்றவை 1ஏபி வகைப் பாடசாலைகள். கலையும் வர்த்தகமும் மாத்திரம் உள்ளவை 1சி. நுவரெலியா மாவட்டத்திலே தமிழ் மொழிமூல 1ஏபி பாடசாலைகள் ஒருசில நகரங்களைச் சார்ந்தே அமைந்துள்ளன. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திற் சிறப்பாகத் தேறிய ஒரு பெண் உயிரியல் கற்கவேண்டுமாயின் நகரத்துக்குச் செல்லவேண்டும். அல்லது அருகிலுள்ள 1சி பாடசாலையில் கலைப்பிரிவிற் சேரவேண்டும். இத்தெரிவு பதினாறு வயதிலே நிகழ்கின்றது. பேராசிரியர் பதவியில் பெண்கள் ஏன் குறைவு என்று ஆராய்பவர் ஐம்பது வயதைப் பார்க்கின்றனர்.

நாம் சென்று பார்த்த பாடசாலை ஒன்றிலே நுணுக்குக்காட்டி இருந்தது. துணியால் மூடப்பட்டு, அதிபரின் அலுமாரியினுள் இருந்தது. பழுதானால் யார் பொறுப்பு என்பதே அதனை வெளியில் எடாமைக்குக் காரணம். அக்காரணத்தை நாம் நகைக்கவில்லை, ஏனெனில் பொருட்பதிவேட்டில் ஒப்பமிட்டவரின் சம்பளத்திலிருந்து அது கழிக்கப்படலாம். உயிரியல் ஆசிரியர் வேறு மாவட்டத்தவர், இடமாற்றத்துக்கு விண்ணப்பித்திருந்தார். மாணவிகளின் பயிற்சிக் கொப்பிகளில் வெங்காய மேற்றோற் கலங்களின் படம் மிக அழகாக, கலச்சுவர், கரு, புன்வெற்றிடம் எனக் குறிக்கப்பட்டு வரையப்பட்டிருந்தது. கரும்பலகையைப் பார்த்து வரைந்த படம் அது. கலத்தைக் கண்டவர் அவ்வகுப்பில் ஒருவரும் இல்லை.

நகரப் பாடசாலைக்குச் செல்லும் மாணவிக்கு அங்கே வேறொரு பிரச்சினை காத்திருக்கின்றது. உயர்தர விஞ்ஞானம் இன்று பாடசாலையில் முடிவதில்லை. பாடசாலை விட்டபின்னும் வாரவிடுமுறையிலும் தனியார் வகுப்பு. வகுப்பு முடியும் வேளையில் தோட்டப் பிரிவுக்கான கடைசி பஸ் போய்விடும். பஸ் கிடைத்தாலும் இறங்கும் சந்தியிலிருந்து மலைப்பாதையில் இருளில் நடக்கவேண்டும். தம்பி நடப்பான் என்று வீடு நம்புகின்றது. அக்காவை விடமுடியாது என்று அதே வீடு அஞ்சுகின்றது. இவ்வச்சம் வீண் அச்சமன்று. அத்துடன் தாய் விடியற்காலையில் பிரட்டுக்குப் போய்விடுவதால், பிள்ளைக்காம்பராவில் விடமுடியாத வயதினரைப் பாடசாலைக்கு அனுப்பி, தேநீர் கொடுத்து, மாலையில் விறகும் தண்ணீரும் பார்ப்பவள் மூத்த பெண். தாயின் உழைப்பைத் தோட்டம் நாட்சம்பளத்துக்கு வாங்குகின்றது. அதனைச் சாத்தியமாக்கும் மகளின் உழைப்புக்குப் பெயர் போடுவார் எவருமில்லை. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல் வந்தது. அது தாய்க்கு வந்த சமத்துவம். மகளின் இம்மாலை வேளைகளை அது தொடவில்லை.

இவற்றையெல்லாம் கடந்து உயர்தரம் தேறியவளுக்கும் எதிரே நிற்பது ஆசிரியத் தொழில். தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் பெருந்தொகையாக நியமிக்கப்பட்ட 1980கள் தொடக்கம் படித்த மலையகப் பெண்ணுக்குக் கௌரவமும் மாதச்சம்பளமும் தந்த முதல் வாயில் அதுவே. அதனை இழிவுபடுத்துவார் மலையகம் அறியாதவர். எனினும் உடனடிச் சம்பளமா, நான்காண்டுப் பட்டமும் அதன்மேல் ஆய்வுப் பட்டமுமா என்ற தெரிவில், வங்கிக் கணக்கில்லாத குடும்பம் எதனைத் தெரியும் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

ஒரு சமுதாயம் தன் பெண்களுக்கு எத்தொழில்களைக் கற்பனை செய்கின்றது என்பதற்கு அதன் இலக்கியம் நல்ல சான்று. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) முதலாய நாவல்கள் தோட்ட வாழ்வின் துயரையும் எழுச்சியையும் எமது இலக்கியத்துக்குள் கொண்டுவந்தன. இப்பரம்பரையிற் படித்த பெண் தோன்றும்போது பெரும்பாலும் ஆசிரியையாகவே தோன்றுகிறாள். விஞ்ஞானம் கற்ற பெண்ணை மலையகப் புனைகதை இன்னும் முழுமையான பாத்திரமாக ஆக்கித் தரவில்லை என்பதே எமது கணிப்பு. மலையகத்தைப் பற்றி எழுதியோருள் இருவர் மருத்துவத்துறை சார்ந்தவர் என்பதும் இங்கு நினைவுக்கு வருகின்றது. 'மலைக்கொழுந்து' எழுதிய நந்தி சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர். 'குருதிமலை' (1979) எழுதிய தி. ஞானசேகரன் தோட்ட வைத்திய அதிகாரியாகப் பணிபுரிந்தவர். இருவரும் பரிவோடு எழுதினர். ஆனால் உயிரியல் கற்றவர் மலைக்கு வெளியிலிருந்து வந்தவராகவும் ஆணாகவும் இருந்தார் என்னும் உண்மையையும் அவர்களது தொழில் வாழ்வே காட்டுகின்றது.

இவற்றுள் எமது பொருளுக்கு மிக நெருங்கிய படைப்பு, விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் சிறுகதையே என்றால் வாசகர் வியக்கலாம். அக்கதையில் வழமைக்கு மேலாகக் கொழுந்து பறித்த பெண்ணின் நிறை ஐயத்துக்குள்ளாகின்றது. அது அவளது கைத்திறனாக இருக்கமுடியாது என்பதே சூழ்ந்திருப்போரின் முதலெண்ணம். திறனை அவள் மெய்ப்பித்தாக வேண்டியிருக்கின்றது. பெண் செய்த விஞ்ஞானப் பணியை உடனிருந்த ஆணின் கணக்கில் எழுதும் போக்கை அமெரிக்க வரலாற்றாசிரியை மார்கிரட் ரொசிற்றர் 1993இல் ஆராய்ந்து 'மெற்றில்டா விளைவு' எனப் பெயரிட்டார். பெயரிடாமலே அதனை எமது சிறுகதையாசிரியர் தோட்டத்து நிறுவையிலே முன்னரே கண்டுகொண்டார். மலையக இலக்கியத்தைத் துயரத்தின் ஆவணமாக மாத்திரம் வாசிக்கும் விமரிசகர்கள், அது அறிவுழைப்பைப் பற்றியும் பேசுகின்றது என்பதைக் காணத் தவறிவிட்டனர். நாமும் அத்தவற்றுக்குப் புறம்பானவர்களல்லர். விஞ்ஞான பீட மாணவியர் தமிழ்ச் சங்கக் கூட்டங்களுக்கு வருவதில்லை எனக் குறைபடும் நாம், கூட்டங்களை அவர்களது செய்முறை வகுப்பு வேளையில் வைப்பதை ஒருபோதும் நிறுத்தியதில்லை.

பல்கலைக்கழகத்தை அடைந்தபின் நிலை என்ன? இங்குதான் 'ஒழுகும் குழாய்' பற்றிய ஆய்வுகள் பயன்படத் தொடங்குகின்றன. எனினும் அவை காணாத சிலவும் உண்டு. தமிழில் உயர்தரம் கற்றவள் முதலாண்டிலே ஆங்கிலத்தில் விலங்கியலும் இரசாயனமும் கற்கவேண்டும். இது யாழ்ப்பாணத்து மாணவிக்கும் கிராமத்துச் சிங்கள மாணவிக்கும் பொதுவான இடர். மலையகத்தவளுக்கே சிறப்பாக உரியது உடைமையின்மை. தகுதிகாண் விரிவுரையாளர் பட்டப்பின் படிப்பை முடித்தே பதவியில் உறுதிப்படுத்தப்படுவார். அப்படிப்புப் பெரும்பாலும் வெளிநாட்டில் அமையும்; திருமணமும் மகப்பேறும் நிகழும் அதே ஆண்டுகளில் அமையும். இதனை எல்லோரும் அறிவர். கல்வி விடுமுறையிற் செல்பவர் பிணைமுறி எழுதிப் பிணையாளரையும் நிறுத்தவேண்டும் என்பதைச் சிலரே நினைக்கின்றனர். பிணை நிற்கத்தக்க வருவாயுள்ள உறவினரைத் தேடும்போது, ஒருவரது குடும்பத்தில் மாமா ஒருவர் வைத்தியராகவும் சித்தப்பா ஒருவர் எழுதுவினைஞராகவும் இருப்பது எத்துணைப் பெரிய விஞ்ஞான உபகரணம் என்பது விளங்கும். லயத்து அறைக்கு உறுதி இல்லை. அதில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருக்கும் அது தோட்டத்தின் அறையே. தனி முகவரிகூட இல்லாத லயங்களுக்குக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே நெடுங்காலம் வந்து சேர்ந்தன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்தபின் கைக்குக் கிட்டிய கதைகளை மலையகத்திற் கேளாதார் இல்லை.

இத்தடைகளைப் பற்றிப் பேசுவோர், ஆய்வுகூடத்தைப் பெண் இனிமேல்தான் நுழையவேண்டிய இடமாகவே கருதுகின்றனர். அதுவும் முழு உண்மையன்று. தேயிலையிற் புதிய பேதங்கள் ஒற்றைக் கணுத் தண்டுத்துண்டுகளைப் பதியமுறையில் வளர்த்துப் பெருக்கப்படுகின்றன. டி.ஆர்.ஐ. 2025 போன்ற புகழ்பெற்ற பேதங்கள் இவ்வாறு பரவியவையே. துண்டுகளை வெட்டி நாற்றுமேடையில் நட்டுப் பேணுவோர் பெரும்பாலும் பெண்கள். 1946இல் இலங்கையை அடைந்து இலையிற் கொப்புளங்களை எழுப்பிய பங்கசு நோயாயினும், தண்டைத் துளைக்கும் வண்டாயினும், செடியில் அதன் குறியை முதலிற் காணும் கண்கள் நாள்தோறும் அச்செடியைத் தொடுபவளின் கண்கள். பரிசோதனைப் பாத்தி ஒவ்வொன்றின் விளைச்சலும் அவளது கையாற் கொய்யப்பட்டு நிறுக்கப்பட்ட பின்னரே ஆய்வறிக்கையின் அட்டவணையில் எண்ணாகின்றது. எக்கொழுந்தைக் கொய்வது, வளர்ச்சி நின்ற தளிரை எவ்வாறு நீக்குவது, எதனை அடுத்த சுற்றுக்கு விடுவது என்னும் தீர்மானத்தை அவள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றாள். தாவர உடற்றொழிலியலில் இது பயிற்சி பெற்ற அவதானம் எனப்படும். செக்ரோலில் இதற்குப் பெயர் கிலோ. அவளது அவதானத்தைக் குறிக்கும் பத்தி எந்த ஏட்டிலும் இல்லாமையால் அது தலைமுறைகளாகக் கைமாறியும் கல்வித்தகைமையாக மாறவில்லை. விவசாய டிப்ளோமாக்களுக்கும் கள உத்தியோகத்தர் பதவிகளுக்கும் இக்கள அனுபவத்தைத் தகைமையாகக் கொள்ளும் விதியொன்று ஆக்கப்படுமாயின், நாற்றுமேடையில் பத்தாண்டு பணிபுரிந்த பெண் ஒருத்தி பயிர்ப்பாதுகாப்பு உதவியாளராவதற்கு வானத்திலிருந்து அற்புதம் இறங்கவேண்டியதில்லை.

இறுதியாகப் புள்ளிவிவரம் பற்றியும் குறிப்பிடவேண்டியுள்ளது. பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. அதற்கெனத் தனி வெட்டுப்புள்ளி உண்டு. அவ்வொதுக்கீட்டின் பயனைப் பெற வெளி மாவட்டத்தார் இங்கு வந்து பரீட்சைக்குத் தோற்றுகின்றனர் என்னும் முறைப்பாடு நெடுநாளையது. முறைப்பாடு எவ்வளவு நியாயமானது என்பதை எண்ணிப் பார்க்க வழியில்லை. குடிசன மதிப்பீடு நாட்டு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக வகுத்து எண்ணுகின்றது. பல்கலைக்கழக அனுமதிப் புள்ளிவிவரமோ மாவட்டத்தையும் பாலையும் காட்டுகின்றது, தோட்டத்தைக் காட்டுவதில்லை. நுவரெலியாவிலிருந்து இவ்வாண்டு உயிரியற் பிரிவுக்குத் தெரிவான பெண்கள் இத்தனை பேர் என்று அட்டவணையிற் காண்கிறோம். அவர்களுள் லயத்திலிருந்து வந்தவர் பலரா, ஒருவரா, ஒருவருமில்லையா என்பதை அதிலிருந்து அறிய முடியாது. விண்ணப்பப் படிவத்தில் ஒரு வினாவும் அட்டவணையில் ஒரு பத்தியும் இதற்குப் போதும். இவ்விரண்டையும் கேட்பதற்குப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்குத் தகுதியும் உண்டு, கடமையும் உண்டு. இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்திலேயே அதற்கான பிரேரணையைக் கொண்டுவரலாம்.